ஐந்தும் நான்கும் மோதிய மேடை: யாழ்ப்பாணத்து இரட்டை மூவர் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆறு பேர். இரண்டு ட்ரம்ஸ், இரண்டு கிற்றார், இரண்டு பேஸ் கிற்றார். பாட்டுக்காரர் இல்லை. ஒத்திகை அறையில் பிசகில்லாமல் வந்த பதினொரு நிமிட உருப்படி ஒன்று, யாழ்ப்பாண நகரத்து மண்டபம் ஒன்றின் மேடையில் மூன்று இடங்களில் உடைந்தது. தாளக் கணக்குத் தெரியாதவர் என்று அந்த மேடையில் எவரும் இருக்கவில்லை. ட்ரம்ஸ்காரர் இருவரில் ஒருவர் தவில் பயின்று வந்தவர். மற்றவருக்கு மிருதங்கச் சொற்கட்டு மனப்பாடம். அப்படியிருந்தும் ஏன் உடைந்தது, எதை மாற்றியபோது சரியானது என்பதை இங்கே பகுதி பகுதியாக எடுத்துப் பார்க்கிறோம்.

அமைப்பு

வாத்தியங்களை இரட்டிப்பது றொக் இசைக்குப் புதிதல்ல. கிங் கிரிம்சன் குழு 1994இல் ‘இரட்டை மூவர்’ என்ற அமைப்புக்கு மாறியது: கிற்றாரில் றொபேர்ட் ஃபிரிப்பும் ஏட்ரியன் பெலூவும், தாழ்சுரப் பகுதியில் ரோனி லெவினும் ட்றே கன்னும், ட்ரம்ஸில் பில் புறூஃபோர்ட்டும் பற் மாஸ்ரலோட்டோவும். சிக்கலான தாளக் கணக்குகளில் ஓடும் மத் றொக் என்ற வகை 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருப்பெற்றது. பிற்ஸ்பேர்க்கில் 1991இல் தொடங்கிய டொன் கபயேரோ அதன் முக்கியமான பெயர்களில் ஒன்று. 2002இல் நியூயோர்க்கில் அமைந்த பற்றில்ஸ் குழு, வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் லூப் கருவியால் ஒரே வாத்தியத்தைப் பல அடுக்காகப் பெருக்கி, அதன்மேல் உயிருள்ள ட்ரம்ஸை வாசித்தது.

யாழ்ப்பாணத்துக் குழு இவர்களைக் கேட்டு வளர்ந்தது. ஆனால் இரட்டிப்பைப் பற்றிய இன்னும் பழைய அறிவு இந்த மண்ணிலேயே இருக்கிறது. கோயில் வீதியில் நிற்கும் பெரிய மேளத்தில் நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, சுருதி ஒன்று, தாளம் ஒன்று. திருவிழாக் காலத்து மேளச்சமாவில் அது இன்னும் பெருகும். இணுவிலும் அளவெட்டியும் இந்தக் கலையால் பெயர் பெற்ற ஊர்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) அந்த மரபின் உச்சம். இரண்டு தவில் சேர்ந்து வாசிக்கும்போது கவனித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். ஒருவர் சர்வலகுவில் (சிக்கலில்லாத நேர் ஓட்டத்தில்) தாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மற்றவர் கணக்குக்குள் போவார், பிறகு மாறிக்கொள்வார்கள். இருவரும் ஒரே நேரத்தில் கணக்குப் போவது முடிப்பாகிய தீர்மானத்தில்தான். நடுவில் தாளக்காரர் எவருக்கும் அசையாமல் நிற்பார்.

மேடையில் உடைந்த உருப்படியில் இந்த மூன்றும் இல்லை. பிடிப்பவர் இல்லை, முறை மாறல் இல்லை, தாளக்காரர் இல்லை. பின்வரும் திருத்தங்களில் பெரும்பகுதி இந்த மூன்றையும் திரும்பக் கொண்டுவருவதுதான்.

உருப்படியின் கணக்கு

வேகம் நிமிடத்துக்கு 138 அட்சரம் (தாளத்தின் எண்ணிக்கை). ஒரு அட்சரம் 435 மில்லிசெக்கன். அடித்தளம் ஆதி தாளம் (எட்டு அட்சரச் சுற்று), சதுஸ்ர நடை (அட்சரத்துக்கு நாலு மாத்திரை). ஆகவே ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 32 மாத்திரை, ஒரு மாத்திரை 109 மில்லிசெக்கன்.

உருப்படியில் இரண்டு வகைத் தாளச் சேர்க்கை இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வது இந்த வகைக் குழுக்களில் அடிக்கடி நடக்கிறது. முதற்பகுதியில் மாத்திரையின் நீளம் எல்லோருக்கும் ஒன்றே, சுற்றின் நீளம் மட்டும் வேறு. முதற் கிற்றார் 7 மாத்திரைச் சுற்று (தகிட தகதிமி), இரண்டாம் கிற்றார் 5 மாத்திரைச் சுற்று (தக தகிட), ட்ரம்ஸும் பேஸும் ஆதி. நடுப்பகுதியில் அட்சரம் எல்லோருக்கும் ஒன்றே, அதற்குள் பிரிப்பு வேறு: ஒரு ட்ரம்ஸ் சதுஸ்ர நடையில் நாலு, மற்றது கண்ட நடையில் ஐந்து. கண்ட நடையில் ஒரு மாத்திரை 87 மில்லிசெக்கன்.

முதற்பகுதியில் பிசகினால் எண்ணிக்கை பிசகும். எங்கே பிசகியது என்று பிறகு கண்டுபிடிக்கலாம். நடுப்பகுதியில் பிசகினால் காலம் பிசகும். கேட்பவருக்கு அது பிழையாகக்கூடத் தெரியாது. இசை மெல்லத் தளர்ந்து சேறாகும். மேடையில் நடந்தது இரண்டும்.

எப்படிக் கண்டுபிடித்தது

காதை நம்பி விவாதிப்பதில் பயனில்லை. ஒவ்வொரு ட்ரம்ஸுக்கும் அருகில் ஒரு கைத்தொலைபேசி, சபையின் நடுவில் இன்னொன்று என மூன்றில் பதிவு செய்யப்பட்டது. தொடங்குமுன் இரண்டு ட்ரம்ஸுக்கும் சம தூரத்தில் நின்று ஒருவர் ஒரு தடவை பலமாகக் கைதட்டினார். மூன்று பதிவையும் ஓடாசிற்றி மென்பொருளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து அந்தக் கைதட்டலை நேராக்கினால் மற்றதெல்லாம் மில்லிசெக்கன் அளவில் தெரியும். தொலைபேசியின் தானியங்கி ஒலிமட்டக் கட்டுப்பாட்டை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் பேஸ் ட்ரம் விழும்போதெல்லாம் மற்ற அடிகள் அமுங்கிப்போய் அலைவடிவத்தில் எதையும் பிரித்தறிய முடியாது.

பதிவில் மூன்று செய்திகள் இருந்தன. நடுப்பகுதி 138இல் தொடங்கி 131க்கு இறங்கியிருந்தது. ஒவ்வொரு ட்ரம்ஸின் பக்கத்துப் பதிவிலும் மற்றவரின் அடி ஏறத்தாழ 20 மில்லிசெக்கன் பிந்திக் கேட்டது. அதாவது இருவருக்குமே மற்றவர்தான் பிந்துகிறார் என்று தோன்றியிருக்கிறது. மூன்றாவதாக, கண்ட நடை வாசித்தவரின் மூன்றாவது அடி தன் இடத்தில் விழவில்லை.

தூரம் செய்த வேலை

மேடையில் இரண்டு ட்ரம்ஸும் இரு ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தன. பார்வைக்கு அழகு, ஒலி இடமும் வலமும் பிரியும் என்றும் நினைத்தார்கள். இடைத்தூரம் 7.5 மீற்றர். 30 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 349 மீற்றர். ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 2.9 மில்லிசெக்கன். ஆகவே ஓர் அடி மற்றவர் காதுக்குப் போய்ச்சேர 21.5 மில்லிசெக்கன்.

இப்போது நடைகளின் வேறுபாட்டைப் பாருங்கள். சதுஸ்ர மாத்திரை 108.7, கண்ட மாத்திரை 87.0. அட்சரத்தின் முதலடிக்குப் பின் வரும் இரண்டாவது அடியில் இரண்டு நடையும் பிரியும் தூரம் 21.7 மில்லிசெக்கன். மேடையின் அகலம் அந்த வேறுபாட்டை அப்படியே விழுங்கிவிட்டது. நாலு வாசிப்பவரின் காதில், அடுத்தவரின் ஐந்தின் இரண்டாவது அடி தன்னுடைய இரண்டாவது அடியோடு ஒன்றாக வந்து விழுகிறது. ஐந்து என்று கேட்கவேண்டியது நாலு என்று கேட்கிறது; அட்சரத்தின் தலையடியோ பிந்திக் கேட்கிறது. இதற்குள் எந்த மேதையாலும் நேராக நிற்க முடியாது.

வேகம் இறங்கியதற்கும் இதுவே காரணம். அடுத்தவர் பிந்துகிறார் என்று ஒருவர் காத்திருக்க, அதைக் கேட்டு மற்றவரும் காத்திருப்பார். ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃபும் கூட்டாளிகளும் இருவர் இருவராகக் கைதட்டவைத்து இதை அளந்திருக்கிறார்கள்: இடைத்தாமதம் ஏறத்தாழ 11.5 மில்லிசெக்கனுக்கு மேல் போனால் வேகம் குறைகிறது, அதற்குக் கீழே இருந்தால் வேகம் ஏறப் பார்க்கிறது. 11.5 மில்லிசெக்கன் என்றால் எங்கள் வெப்பத்தில் 4 மீற்றர். ஒத்திகை அறையில் இரண்டு ட்ரம்ஸும் அந்தத் தூரத்துக்குள்தான் இருந்தன. அங்கே சரியாக வந்ததில் அதிசயமில்லை.

திருத்தம் எளிது. இரண்டு ட்ரம்ஸும் மேடையின் நடுவுக்கு வந்து, ஒன்றையொன்று பார்த்தபடி, ஒருவர் காதிலிருந்து மற்றவர் ஸ்நெயருக்கு (அடியில் கம்பி பூட்டிய ட்ரம்) 3.5 மீற்றர் இருக்கும்படி வைக்கப்பட்டன: 10 மில்லிசெக்கன். இன்னும் நெருக்கிவைத்தால் வேகம் ஏறும் பழக்கம் வருகிறது; ஒருவர் சிம்பல் மற்றவர் மைக்கில் அளவுக்கு மீறி ஏறவும் செய்யும். சீமெந்துத் தரை வழுக்குமென்பதால் ஒவ்வொரு செற்றின் கீழும் தடித்த விரிப்பு. பேஸ் ட்ரம் முன்னேறி ஓடாமலிருக்க விரிப்பின் மேல் ஒரு மரச்சட்டம் திருகப்பட்டது. விரிப்பில் கால்களின் இடத்தை வர்ணநாடாவால் குறித்துவைத்தால் எந்த மேடையிலும் தூரம் மாறாது.

ஹெட்ஃபோன் வழியாகக் கிளிக் ஒலி கொடுத்தால் போதாதா என்ற கேள்வி வரும். கொடுக்கலாம், வயர் இணைப்பில் மட்டும். புளூடூத் ஹெட்ஃபோன் சாதாரணமாக 100 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தும். இரண்டு பேரிடம் இரண்டு வகை ஹெட்ஃபோன் இருந்தால் பிந்தும் அளவும் வேறாகும். அது 7.5 மீற்றரைவிட மோசம். பதிவறையில் கிளிக் நல்ல துணை. மேடையில் அதற்கு ஒரு பெரிய குறை: எந்த அட்சரத்தில் நிற்கிறோம் என்று அது சொல்லாது. வழி தவறியவர் கிளிக்கை எவ்வளவு நேரம் கேட்டாலும் சமத்தை (ஆவர்த்தனத்தின் தொடக்க அடியை)க் கண்டுபிடிக்க முடியாது.

ஏழாவது ஆள்

ஆகவே தாளக்காரர் ஒருவர் சேர்க்கப்பட்டார். இரண்டு ட்ரம்ஸுக்கும் சம தூரத்தில், சற்றுப் பின்னால், ஓர் அடி உயர மேடையில். கைத்தாளத்தின் ஒலி கூர்மையானது, உயர்ந்த அதிர்வெண்ணில் நிற்பது. இரண்டு பேஸும் இரண்டு பேஸ் ட்ரம்மும் முழங்கும்போதும் அதை மூட எதுவுமில்லை. அந்த ஒலி சபைக்குப் போகவேண்டியதில்லை. ஒரு சிறு மைக் வழியாக, வயர் ஹெட்ஃபோனில், ட்ரம்ஸ்காரர் இருவருக்கும் மட்டும் போகும்.

கண்ணுக்கும் அவர் உதவுகிறார். முதலில் தாளம் தட்டிக்கொண்டே இருந்தார்; அதில் ஆவர்த்தனம் தெரியவில்லை. இப்போது கையாலேயே ஆதி போடுகிறார்: ஒரு தட்டு, மூன்று விரல், தட்டு வீச்சு, தட்டு வீச்சு. தொடைக்குப் பதில் மடியிலுள்ள மரப்பலகையில் வலக்கை விழுகிறது, பலகையில் ஒட்டிய தொடுமைக் ஒலியைக் கொடுக்கிறது. விரல் எண்ணும் அட்சரங்களுக்கும் வீச்சுக்கும் இடக்கையில் பிடித்த ஒற்றைத் தாளத்தை பலகை விளிம்பில் தொடுவார். கிற்றார்காரர் தலையை நிமிர்த்தினால் போதும், எட்டில் எத்தனையாவது என்று தெரியும். ஒத்திகையில் அதிகம் கேட்ட வாக்கியம் “தம்பி, வீச்சைப் பார்.”

அவருக்கு ஒரே ஒரு விதி. எவர் பிசகினாலும் அவர் திரும்பிப் பார்க்கக்கூடாது, வளைந்துகொடுக்கக்கூடாது. இந்த இடத்துக்குத் திறமையான ட்ரம்ஸ்காரரைப் போடுவது பெரும்பாலும் சரிவராது. அவர் இசையைக் கேட்டு அதோடு போய்விடுவார்.

ஐந்து ஏன் நாலாகச் சாய்கிறது

தூரத்தைத் திருத்தியபின்னும் மூன்றாவது அடி இடறியது. இது கையின் நோய்.

‘தக தகிட’ என்று வாசிக்கும்போது அழுத்தம் ஒன்றாவது, மூன்றாவது மாத்திரையில் விழும். மூன்றாவது மாத்திரையின் இடம் அட்சரத்தின் 40 வீதம்: 174 மில்லிசெக்கன். வேகம் ஏறும்போது கை அதை அட்சரத்தின் நடுவை நோக்கி, 217 மில்லிசெக்கனை நோக்கித் தள்ளும். ஏனென்றால் பக்கத்தில் சதுஸ்ரத்தின் மூன்றாவது அடி அங்கேதான் பலமாக விழுகிறது. அலைவடிவத்தில் இது 190, 200 என்று நகர்ந்திருந்ததைப் பார்க்க முடிந்தது. ஐந்தும் எண்ணிக்கையில் இருக்கும், ஆனால் சமமாக இருக்காது. காதுக்கு அது நொண்டி நாலு.

இதற்குப் பயிற்சி: ஓர் ஆவர்த்தனம் ‘தக தகிட’, அடுத்த ஆவர்த்தனம் ‘தகிட தக’. இரண்டாவதில் அழுத்தம் 60 வீதத்தில், 261 மில்லிசெக்கனில் விழும். நடுவின் இரு பக்கத்துக்கும் மாறி மாறிப் போனால் கை நடுவில் போய்க் குந்தாது. வேகம் 69இல் தொடங்கி 92, 104, 116, 128, 138 என்று ஏறியது. பதிவில் பார்த்து மூன்றாவது அடி 10 மில்லிசெக்கனுக்குள் நின்றால்தான் அடுத்த படி. 104க்கும் 116க்கும் இடையில்தான் பெரும்பாலானோர் சிக்குகிறார்கள். அந்த இடத்தில் அவசரப்படக்கூடாது.

கைமுறையும் மாற்றப்பட்டது. வலம் இடம் என்று மாறி மாறி அடித்தால் ஐந்து ஒற்றையெண் என்பதால் ஒவ்வோர் அட்சரமும் வேறு கையில் தொடங்கும். பலங்குறைந்த கையில் தொடங்கும் அட்சரம் பிந்தும். வலம் இடம் வலம் இடம் இடம் என்று போட்டால் எப்போதும் வலக்கைதான் அட்சரத்தின் தலையில்.

இன்னொரு பயிற்சி குழு முழுவதற்கும், வாத்தியமின்றி. கை ஆதி தாளம் போடும். வாய் கண்ட நடை சொல்லும். கால் ஒவ்வொரு நாலாவது மாத்திரைக்கும் விழும். நாலு அட்சரத்தில் இருபது மாத்திரை, அதில் கால் ஐந்து தடவை. கை நாலு, கால் ஐந்து. இரண்டையும் கட்டிவைப்பது வாய். மருதனார்மடத்தில், முன்னர் இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்த பல்கலைக்கழகப் பீடம் இருக்கும் ஊரில் இதைச் சொல்லித்தர ஆள் தேடவேண்டியதில்லை. ஐரோப்பிய முறையில் குறியீடு பார்த்துப் படித்த கிற்றார்காரர்களுக்கே இது அதிகம் பயன்பட்டது. அவர்கள் ஐந்துக்கு நாலை ஒரு படமாக மனதில் வைத்திருந்தார்கள். உடம்பில் அது இருக்கவில்லை.

இந்த மண்ணின் கேட்போருக்கு இரண்டு தாளம் சேர்ந்து ஓடுவது அந்நியமுமல்ல. பைலாவின் ஆறெட்டு அடியில் மூன்றும் இரண்டும் எப்போதும் மோதிக்கொண்டே இருக்கின்றன, கல்யாண வீட்டில் சிறுபிள்ளையும் அதற்கு ஆடும். ஐந்துக்கு நாலு அதன் அடுத்த படி மட்டுமே.

இரண்டு ட்ரம்ஸுக்கு இரண்டு குரல்

ஒரே மாதிரிச் சுருதி சேர்த்த இரண்டு செற்றில் ஐந்தும் நாலும் வாசித்தால் சபைக்கு ஒருவர் தடுமாறி வாசிப்பதாகவே கேட்கும். ஒலிநிறம் பிரிந்தால்தான் தாளம் பிரியும். நாலு வாசிக்கும் செற்றுக்கு 22 அங்குல பேஸ் ட்ரம், தாழ்வாக இழுத்த ஸ்நெயர், 14 அங்குல ஹை-ஹற் (காலால் மூடித் திறக்கும் சிம்பல் சோடி). ஐந்து வாசிக்கும் செற்றுக்கு 20 அங்குல பேஸ் ட்ரம், கம்பி தளர்த்திய ஸ்நெயர், ஹை-ஹற்றுக்குப் பதிலாக ஓர் உலோக மணி. கிறாஷ் சிம்பல் ஒரு செற்றில் மட்டும். இரண்டிலும் வைத்தால் ஒவ்வொரு கிறாஷும் அடுத்த இரண்டு அட்சரத்தை மூடிவிடும்.

வாசிப்பிலும் தவில் முறை வந்தது. எட்டு ஆவர்த்தனம் ஒருவர் சர்வலகு, மற்றவர் கண்ட நடைக் கணக்கு, பிறகு மாறல். முன்பு இருவரும் தொடக்கத்திலிருந்தே சிக்கலானதை வாசித்தார்கள். இருவர் சிக்கலாக வாசித்தால் சிக்கல் இரட்டிக்கும் என்ற நினைப்பு. உண்மையில் நேரான கோடு ஒன்று பக்கத்தில் ஓடாவிட்டால் கோணல் கோணலாகத் தெரியாது.

காது பற்றியும் சொல்லவேண்டும். சமபலமான இரண்டு செற் சேர்ந்தால் ஒலிமட்டம் 3 டெசிபெல் கூடும். அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனமான நயோஷின் அளவுகோலில் 85 டெசிபெல் எட்டு மணித்தியாலத்துக்கு. ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் 15 நிமிடம். ஒத்திகை அறையில் அதைத் தாண்டுவது மிகச் சுலபம். காதடைப்பான் இல்லாமல் எவரும் உள்ளே போகக்கூடாது.

சந்திக்காத கிற்றார்கள்

முதற்பகுதி உடைந்த காரணம் வேறு. ஏழும் ஐந்தும் 35 மாத்திரைக்கொருமுறை சந்திக்கும். ஆதியின் 32உடன் சேர்ந்து மூன்றும் ஒன்றாகச் சமத்தில் விழ 1120 மாத்திரை வேண்டும்: 35 ஆவர்த்தனம், இரண்டு நிமிடமும் ஏறத்தாழ இரண்டு செக்கனும். அவ்வளவு நேரமும் சரிபார்க்க மூன்றும் சேரும் ஒரு சந்திப்பும் இல்லாமல் ஓடினார்கள். முதல் நிமிடத்தில் ஒரு மாத்திரை தவறினால் இரண்டாம் நிமிட முடிவில்தான் தெரியும், அப்போது எவர் தவறினார் என்று தெரியாது.

தீர்வு, சுற்றை நாலு ஆவர்த்தனத்தில் வெட்டி, ஒவ்வொன்றையும் கோர்வையால் (கணக்காகச் சமத்தில் வந்து விழும் முடிப்பால்) முடிப்பது. நாலு ஆவர்த்தனம் 128 மாத்திரை, ஏறத்தாழ 14 செக்கன். முதற் கிற்றார் ஏழை 13 தடவை வாசித்து 2 மாத்திரை கார்வை (இடைவெளி) விடும்: 93. இரண்டாம் கிற்றார் ஐந்தை 18 தடவை வாசித்து 3 மாத்திரை கார்வை: அதுவும் 93. இப்போது இருவரும் ஒன்றாக நிற்கிறார்கள். மீதி 35. முதலாமவர் ஏழை 5 தடவை, இரண்டாமவர் ஐந்தை 7 தடவை. ஒன்றாகத் தொடங்கி ஒன்றாகச் சமத்தில் விழுவார்கள்.

அந்த 35 தொடங்கும் இடமும் கைக்கு வசதியாக வருகிறது. 93 என்பது இரண்டு ஆவர்த்தனமும் 29 மாத்திரையும். ஆகவே எடுப்பு, அதாவது தொடங்கும் இடம், மூன்றாம் ஆவர்த்தனத்தின் கடைசி வீச்சுக்கு அடுத்த மாத்திரை. நாலாம் ஆவர்த்தனச் சமத்துக்கு முக்கால் அட்சரம் முன்னால். தாளக்காரரின் கை வீசியதைக் கண்டதும் அடுத்த மாத்திரையில் ஏறினால் சரி. எவராவது அதற்குமுன் தவறியிருந்தால், கார்வையில் நின்று, அந்த வீச்சில் சேர்ந்துகொள்ளலாம். பிழை 14 செக்கனுக்குமேல் வாழாது.

இதனால் உருப்படியின் இயல்பு கெட்டுவிடும் என்று குழுவுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. முடிவின்றிப் பிரிந்து ஓடுவதில் ஓர் அழகு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சமத்தில் ஏழுபேரும் வந்து விழும் கணத்துக்காகச் சபை காத்திருக்கிறது. 14 செக்கனுக்கொருமுறை அது கிடைத்தபோது, பிரிந்து ஓடிய 93 மாத்திரையையும் அவர்கள் கவனித்துக் கேட்டார்கள்.

கிற்றார்களின் ஒலியும் பிரிக்கப்பட்டது. முதலாவது வழமையான சுருதியில், ஏழாம் கட்டையில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி). இரண்டாவது, மத் றொக்கில் பரவலான எஃப்–ஏ–சி–ஜி–சி–ஈ சுருதியில். ஆறாம், இரண்டாம் தந்திகள் அரைச்சுரம் ஏறும், நாலாம் தந்தி முழுச்சுரம் இறங்கும். நாலாம் தந்தி தளர்வதால் கட்டைகளில் உரசும். அதை மட்டும் ஓர் இலக்கம் தடித்த தந்தியாக மாற்றினால் போதும். மேடையில் நின்று சுருதி மாற்றக்கூடாது. ஏறிய தந்தி தளர்ந்தும் இறங்கிய தந்தி இறுகியும் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அடுத்த பத்து நிமிடம் ஒத்துவராது. அந்தச் சுருதிக்கென்று தனிக் கிற்றார் வேண்டும்.

காணாமற்போன பேஸ்

சபையின் நடுவில் இருந்தவர்களுக்குப் பேஸ் கேட்கவில்லை. ஓரத்தில் இருந்தவர்களுக்குக் காது அடைத்தது. வாடகைக்கு வந்த ஸ்பீக்கர் பெட்டிகளில் ஒன்றின் உள்வயர் மாறிப் பூட்டப்பட்டிருந்தது. ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்க, நடுவில் இரண்டு பெட்டிகளின் பேஸ் ஒலிகளும் ஒன்றையொன்று அழித்தன. சோதிக்கும் முறை: ஆம்பிளிஃபயரைக் கழற்றிவிட்டு, ஒன்பது வோல்ற் பற்றரியின் நேர்முனையைப் பெட்டியின் நேர்முனையிலும் எதிர்முனையை எதிர்முனையிலும் ஒரு கணம் தொடவேண்டும். கூம்பு முன்னே துள்ளினால் சரி, உள்ளே போனால் மாறியிருக்கிறது. உயர்சுர ஸ்பீக்கரில் இதைச் செய்யவேண்டாம்.

வயர் சரியானபின்னும் இரண்டு பேஸ் ஒரே எண்மத்தில் (ஸ்தாயியில்) வாசிக்கக்கூடாது. அடி ஈ தந்தி 41.2 ஹேர்ட்ஸ். இருவரின் சுருதியும் ஓர் அரைச்சுரத்தின் இருபதில் ஒரு பங்கு விலகினாலே ஒலி எட்டுச் செக்கனுக்கொருமுறை ஏறி இறங்கும். முதல் பேஸ் ஐந்தாம் கட்டைக்குக் கீழேயே நின்று ஆதியைப் பிடிக்கிறது. இரண்டாவது பன்னிரண்டாம் கட்டைக்கு மேல். மிக்ஸரில் அதன் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டது வெட்டப்பட்டது.

இரைச்சலும் இருந்தது. எங்கள் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பேஸின் அடி ‘ஜி’ 49 ஹேர்ட்ஸ். மின்னிரைச்சல் கசிந்தால் அந்தச் சுரம் வாசிக்கும்போதெல்லாம் செக்கனுக்கொருமுறை துடிக்கும். பேஸ்காரர் தன் கையைக் குறைசொல்லிக்கொண்டிருப்பார். எல்லா ஆம்பிளிஃபயரையும் மிக்ஸரையும் ஒரே இணைப்பிலிருந்து எடுத்து, மீதி இரைச்சலுக்கு, வாத்தியத்தை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பெட்டியிலுள்ள நிலத்தொடர்பு விலக்கும் சுவிட்சைப் பயன்படுத்தவேண்டும். பிளக்கின் எர்த் காலை வெட்டுவது பலர் செய்யும் வேலை. அது உயிரைப் பறிக்கும்.

மண்டபம்

20 மீற்றர் நீளம், 12 அகலம், 5 உயரம். சீமெந்துச் சுவரும் தரையும். வெறுமையாக இருக்கும்போது எதிரொலி அடங்க ஏறத்தாழ இரண்டு செக்கன். அதற்குள் பதினெட்டு மாத்திரை கடந்துவிடும். 150 பேர் வந்து அமர்ந்தால், ஆளுக்கு 0.45 சதுர மீற்றர் உறிஞ்சல் என்று வைத்தால், அது 1.2 செக்கனுக்கு இறங்கும். ஆகவே வெறும் மண்டபத்தில் செய்த ஒலிச்சோதனையை நம்பித் தாழ்சுரத்தை வெட்டிவிடக்கூடாது. ஆட்கள் வந்தபின் முதல் உருப்படியிலேயே மிக்ஸரில் இருப்பவர் திருத்தவேண்டும். சபைக்குப் பின்சுவரில் தடித்த திரையோ கோணிச்சாக்கு அடுக்கோ தொங்கவிட்டால், 20 மீற்றர் போய்த் திரும்பி 115 மில்லிசெக்கன் பிந்தி மேடைக்கு வரும் ஸ்நெயர் அடங்கும். அந்த எதிரொலி ஏறத்தாழ ஒரு சதுஸ்ர மாத்திரைக்குச் சமம்; அது வந்துகொண்டிருந்தால் ட்ரம்ஸ்காரர் தன் எதிரொலியையே மூன்றாமவர் என்று எண்ணி வாசிப்பார்.

திருத்தங்களுக்குப் பின் அதே மண்டபத்தில் எடுத்த பதிவில் நடுப்பகுதி 138இல் தொடங்கி 137இல் முடிந்தது. மூன்றாவது அடி 174க்கு 8 மில்லிசெக்கனுக்குள் நின்றது. கோர்வைகளில் ஒன்றில் இரண்டாம் கிற்றார் கார்வையை 2 ஆக விட்டு, வீச்சைக் கண்டு, எடுப்பில் சேர்ந்துகொண்டது.

திறந்தவெளி மேடை இன்னும் தீரவில்லை. எதிரொலி இல்லாத இடத்தில் ட்ரம்ஸ்காரர்கள் தங்கள் ஒலி போதாதென்று பலமாக அடிக்கிறார்கள். பலத்தோடு வேகமும் ஏறுகிறது. ஹெட்ஃபோனில் தாளத்தோடு தங்கள் ஸ்நெயரையும் சற்றுக் கூட்டிக் கொடுத்துப் பார்க்கிறார்கள். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் நகரத்தைச் சுற்றி ஒலிபெருக்கி ஓடும் என்பதால் அந்தச் சோதனை திருவிழா முடிந்தபின்தான்.